இருபத்தோரு வட்டம்

செல்வகுமாரியின் கையில் சுண்ணாம்புத் தூள் டப்பா இல்லாத நாளை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நூறு நாள் வேலையில் அவள் மேட். ஆள் பிரித்து, குழி அளந்து, வேலையை மேற்பார்க்கிற பொறுப்பு மூன்று வருஷமாக அவளுடையது. காலை ஏழு மணிக்கு வேலையிடத்தில் இறங்கினால் முதல் காரியம், ஆளுக்கு ஒரு குழி அளந்து நாலு பக்கமும் வெள்ளைக் கோடு இழுப்பதுதான். கோடு கோணலாகப் போனால் காலால் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். வாய்க்கால் வெட்டினாலும் கோடு, மரக்கன்று நட்டாலும் வட்டம். "வுட்டா இவ புருசன் படுக்கிற எடத்தையும் அளந்து கோடு போட்டுக் குடுப்பா" என்று அமுதம் ஒருநாள் சொல்லி, முப்பத்தெட்டுப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். செல்வகுமாரியும் சேர்ந்து சிரித்தாள். கோடு போடுவதை மட்டும் விடவில்லை.

அந்தச் சித்திரையில் வந்த வேலை ஏரி தூர் வாருவது. பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் போகிற வழியில் ஊருக்குப் பின்னால் கிடக்கிற சின்ன ஏரி அது. தண்ணீர் வற்றி, கிழக்கே மதகு ஓரமாக மட்டும் ஒரு குட்டை தேங்கி நின்றது. மீதி இடமெல்லாம் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த சேறு. கிழக்குப் பக்கம் வண்டல் மண். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். மேற்குப் பக்கம் களி. காய்ந்துவிட்டால் கடப்பாரையே திரும்பித் துள்ளும். எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாரும் நேராகக் கிழக்கே போய் இறங்கினார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அமுதம் மண்வெட்டியை ஓங்கினாள். ஊரிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். ஓங்கிய கை இறங்குவதற்குள் காலடியிலிருந்து ஒரு பறவை எழுந்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடியது. மைனா பருமன், காய்ந்த சேற்றின் நிறம், தொண்டையில் கறுப்புக் கயிறு கட்டினாற்போல் ஒரு கோடு.

"அய்யய்ய, ரெக்க ஒடஞ்சி போச்சிடி! புடிங்கடி, சாயங்காலம் கொழம்புக்கு ஆச்சி!"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐம்பது வயதில் அமுதம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, பார்த்தவர்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. பறவை இரண்டடி முன்னால் நொண்டும், இவள் குனிவாள், அது இன்னும் இரண்டடி நொண்டும். குட்டை வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு போய், அங்கே ஜம்மென்று இரண்டு சிறகையும் விரித்து மேலே போய்விட்டது. ஒடிந்த சிறகாவது ஒன்றாவது!

"நாடகம் ஆடுதுடி மூதேவி!" என்று அமுதம் மூச்சு வாங்கினாள். அன்றிலிருந்து அந்தப் பறவைக்கு நாடகக்காரி என்று பெயர் ஆனது.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது செல்வகுமாரி மட்டும் பறவை எழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு குளம்புத் தடத்துக்குள் இரண்டு முட்டைகள். மண் நிறத்தில், கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்து. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. அவள் கால் கட்டைவிரல் அதற்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. மெதுவாகக் காலை எடுத்தாள். சுற்றிப் பார்த்தால் அங்கே ஒரு தடத்தில் மூன்று, இங்கே ஒரு தடத்தில் இரண்டு.

உச்சி வெயிலில் அவள் இன்னொன்றும் பார்த்தாள். பறவை முட்டைமேல் உட்காரவில்லை. குட்டையில் போய் அடிவயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட முட்டைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. சிறகை லேசாக அகட்டி, வாயைத் திறந்துகொண்டு, வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு. மூத்தவனை வேலிக்காத்தான் கிளையில் தூளி கட்டிப் போட்டு, நிழல் நகர நகரத் தூளியை அவிழ்த்து மாற்றி மாற்றிக் கட்டி மண் சுமந்தவள் செல்வகுமாரி. அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் முகமது ஆசிக் வந்தான். வில்லியனூர்க்காரன், திருபுவனையில் கம்பெனி வேலை. ஷிப்ட் இல்லாத நாளில் பைக்கில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிறவன். பெண்கள் அவனைக் கேமரா பாய் என்பார்கள். அன்று அவன் கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, எட்டு வருசமா சுத்தறேன். இதுங்க இந்தப் பக்கம் கூட்டமா முட்ட வெச்சி நான் பார்த்ததே கெடையாது. இருபத்தாறு கூடு இருக்குதுக்கா!"

"கூடு எங்க இருக்குது தம்பி? வெறும் தரை."

"அந்தத் தரைதான்க்கா அதுங்களுக்குக் கூடு. இங்கிலீஷ்ல பிராட்டின்கோல்னு பேரு."

"வாயில நொழையல. நாடகக்காரின்னே வெச்சிக்கோ பாய்" என்றாள் அமுதம்.

அன்று சாயங்காலமே செல்வகுமாரி ஓவர்சியர் அரிகரனைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் தலைவலி வரக்கூடாது அவருக்கு. முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேற்கேயே வெட்டிக்கோம்மா. ஆனா வைகாசி முடியறவரைக்கும்தான். அப்புறம் கிழக்கே எறங்கிடணும். பொம்பளைங்க சண்டைக்கு வந்தா என்கிட்ட அனுப்பாத. பொறுப்பு உன்னுது."

"என்னுதுதான் சார்" என்றாள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

மறுநாள் விஷயத்தைக் கேட்டதும் ஏரிக்குள் ஒரே கூச்சல். "குருவிக்குப் பாவம் பாக்கறியே, எங்களுக்குப் பாக்க மாட்டியா?" என்றாள் ஒருத்தி. "வெண்ண மாதிரி மண்ண வுட்டுட்டுக் கல்லுல போய் முட்டிக்கணுமா?" என்றாள் இன்னொருத்தி. செல்வகுமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். "ரெண்டு மாசம் எனக்காகப் பொறுத்துக்கோங்க. குஞ்சு பறந்ததும் கிழக்கே போயிடலாம். நான் சொல்றேன், கேளுங்க" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் யாரையும் ஏமாற்றியதில்லை. அந்த ஒன்றுக்காக முணுமுணுத்துக்கொண்டே மேற்கே போனார்கள். நாலே நாளில் அமுதத்தின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அதை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கடைசியாகச் செல்வகுமாரியின் முகத்துக்கு நேராகவும் காட்டினாள்.

செல்வகுமாரிக்கு இன்னொரு கவலை. ஏரி பொது இடம். மாடு வரும், விறகு பொறுக்க ஆள் வரும், பையன்கள் மட்டையும் பந்துமாக வருவார்கள். முட்டை இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? தனக்கே தெரியவில்லையே! யோசித்தாள். அவள் யோசித்தால் வேறு என்ன வரும்? சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் ஒரு முழம் தள்ளி வட்டம் போட்டாள். இருபத்தோரு வட்டம் போட்டபோது தூள் தீர்ந்துவிட்டது. மீதி ஐந்து கூட்டை அடுத்த மூட்டை வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். கரைமேல் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது, அச்சில் வார்த்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருபத்தொன்றும் கிடந்தன. தன் கையால் போட்ட எதுவும் அவளுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை. ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள், வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று. யாரும் வைக்கவும் இல்லை.

ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் காலை அவள் கரையில் ஏறியபோது பறவைகள் எல்லாம் மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தாள். முதல் வட்டம் காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் உடைந்த முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று, உள்பக்கம் ஈரம் காயாமல். ஓடி ஓடிப் பார்த்தாள். இருபத்தொன்றில் பதினாலு காலி. அடுத்த நாள் மீதி ஏழும் போய்விட்டன. ஏரிக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதாள்.

அழுதுகொண்டிருந்தவளிடம், மண் வெட்டுகிறவர்களில் ஒருத்தியான புவனேஸ்வரி வந்து தரையைக் காட்டினாள். வட்டத்துக்குப் பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை.

பக்கிரி அந்த ஊரில் நாற்பது ஆடு வைத்திருக்கிறவர். கோடையில் குட்டைத் தண்ணீரை விட்டால் அவற்றுக்கு வேறு கதி இல்லை. அன்று மத்தியானம் அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு கரையிறங்கியபோது முப்பத்தெட்டுப் பெண்களும் வழிமறித்தார்கள்.

"உள்ள வுடாதன்னு சொன்னோமா இல்லியா? எல்லாத்தையும் மிதிச்சி ஒழிச்சிட்டியே!" என்றாள் அமுதம்.

"நான் மதகு ஓரமா ஓட்டினு போயி ஓட்டினு வரேன். ஆடு முட்ட துன்னுமா? எங்கனா கேட்டிருக்கியாம்மா?"

"பொய் சொல்லாத! புழுக்க அங்கயே கெடக்குது."

பக்கிரி செல்வகுமாரியைப் பார்த்தார். அவள் ஒருத்தி நியாயம் சொல்லுவாள் என்கிற மாதிரி. இரண்டு நாள் அழுத கண்ணோடு அவள் சொன்னாள்: "நாளையிலேர்ந்து இந்த ஏரிப் பக்கம் நீ வரக் கூடாது மாமா." அவர் ஆடுகளைத் திருப்பினார்.

மூன்றாம் நாள் ஆசிக்குக்கு விடுமுறை. சேதி கேட்டு ஓடி வந்தான். புழுக்கையைப் பார்த்தான், முட்டையோட்டைப் பார்த்தான், தலையை ஆட்டினான். பிறகு செல்வகுமாரியைக் கூட்டிக்கொண்டு கரைமேல் வேலிக்காத்தான் மறைவில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரம் ஆனது.

"அங்க பாருக்கா" என்று பைனாகுலரை அவள் கையில் கொடுத்தான்.

ஒரு காகம் இறங்கியது. நேராக ஒரு வட்டத்துக்கு நடந்து போய், வெள்ளைக் கோட்டின்மேல் நின்று நடுவில் எட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. அடுத்த வட்டத்துக்கு நடந்தது. அங்கேயும் எட்டிப் பார்த்தது. பந்தியில் இலை இலையாகப் பார்த்துக்கொண்டு போகிறவன் மாதிரி ஒவ்வொரு வட்டமாகப் போனது. போகிற வழியில் வட்டம் போடாத ஒரு கூட்டை ஒரு சாண் தூரத்தில் தாண்டிப் போனது. அதில் இரண்டு முட்டை இருந்தது. காகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண் நிறத்தில் கிடந்த முட்டை அதன் கண்ணில் படவில்லை.

செல்வகுமாரி காலி வட்டங்களையும் அந்தக் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பைனாகுலரைக் கீழே வைத்தாள்.

"தூள் தீந்து போச்சின்னு வுட்டது அஞ்சு. அந்த அஞ்சும் இருக்குதா தம்பி?"

"இருக்குதுக்கா."

"நான் வட்டம் போட்டது ஒண்ணுகூட இல்ல."

காகத்துக்கு அடையாளம் வைத்து, இங்கே இருக்கிறது வந்து தின்று போ என்று அழைத்தது அவள் கைதான். "யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி" என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த நிமிஷமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் அப்படியே ஓட்டினாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கல் மாதிரி மண்ணில் கை கிழிய வெட்டுகிறவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிழக்கே போய்விடுவார்கள். மீதி ஐந்தும் அதோடு போய்விடும். அதைவிடப் பெரிய பயம், அவள் பேச்சை இனி யாரும் கேட்க மாட்டார்கள். தப்பு செய்தவள் நான், பழி சுமக்கிறவர் பக்கிரி என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது கரையாம்புத்தூர் ரோட்டில் பக்கிரியைப் பார்த்தாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய பம்ப் செட்டில் தண்ணீர் காட்டிவிட்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாற்பது ஆட்டையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டி வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குச்சியால் ஆடுகளை ஓரம் கட்டி வழி விட்டார்.

"போம்மா, பாத்துப் போ" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்த "பாத்துப் போ" அவளைத் தூங்க விடவில்லை.

காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் அன்றைய வருகை பதிவாகும். வரிசை நின்றது. செல்வகுமாரி போனைத் தூக்கினாள், இறக்கினாள்.

"போட்டோ அப்புறம். ஒரு விசயம் சொல்லணும். பக்கிரி மாமா மேல தப்பு இல்ல. ஆடு ஒண்ணும் பண்ணல. நான் போட்ட வட்டத்தப் பாத்துத்தான் காக்கா வந்து துன்னுச்சி. கண்ணால பாத்தேன். மூணு நாளா சொல்லாம இருந்துட்டேன். பயந்துகினு."

அமுதம் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"அடிப்பாவி! இந்தக் கையப் பாருடி. உன் பேச்சக் கேட்டுத்தானே கல்லுல வெட்டிக்கினு கெடக்கிறோம். குருவியும் போச்சி, கையும் போச்சி. ஒரு வயசானவன ஊர்ல எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்த வெச்சியே! இனிமே உன்ன மேட்டுன்னு யாருடி மதிப்பா?"

"மதிக்க வேணாம்க்கா. திட்டு. இன்னும் அஞ்சு கூடு இருக்குது. தொந்தரவு இல்லாட்டா மீதி பறவைங்களும் திரும்ப முட்ட வெக்கும்னு தம்பி சொல்றான். நாம கிழக்கே போனா அதுவும் இல்ல. அது மட்டும் உங்ககிட்ட கேக்கறேன்."

திட்டினார்கள். ஆளாளுக்கு அரை மணி நேரம் திட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நடுவில் புவனேஸ்வரிதான் திடீரென்று, "இருங்கடி, அவளயே சொல்லிக்கினு இருக்கீங்களே" என்றாள். "தெனம் ஒரு மணி ஆனா தூக்கத் தொறந்து, கா கான்னு கூப்டு, மொத புடி சோத்த இங்க வெக்கிறது யாரு? நாமதானே? ஏரிக்கு அத்தினி காக்காவ வரவெச்சதே நாமதான்."

கூட்டம் அடங்கியது. அதில் உண்மை இருந்தது. சுற்று வட்டாரக் காகம் எல்லாம் அந்த ஒரு மணிக்காகத்தான் காலையிலிருந்தே வேலிக்காத்தான் மேல் உட்கார்ந்திருக்கும். காகத்துக்கு வைக்காமல் சாப்பிட முடியாது. முன்னோருக்கு வைக்கிற சோறு அது. "அப்ப நாம எடத்த மாத்திக்குவோம்" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து சாப்பாடு ஏரிக்குள் கிடையாது என்று முடிவானது. கரையேறி, ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலங்கலைத் தாண்டி, ரோட்டோரப் புளியமரத்தடிக்கு நடக்க வேண்டும். கால் கிலோமீட்டர். வெயிலில் நடந்தார்கள். இரண்டு நாளில் காகங்களும் புளியமரத்துக்குக் குடிபோய்விட்டன.

வட்டங்களை எல்லாரும் சேர்ந்து அழித்தார்கள். ஆளுக்கு ஒரு கூடை காய்ந்த மண் கொண்டுபோய்த் தூவி, காலால் தேய்த்து, வெள்ளை தெரியாமல் ஆக்கினார்கள். அமுதமும் தேய்த்தாள். ஆனால் செல்வகுமாரியோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் புவனேஸ்வரியைப் பார்த்து, "அவகிட்ட சொல்லு" என்பாள்.

அன்று சாயங்காலம் செல்வகுமாரி பக்கிரியின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆடு முட்ட துன்னாதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்ன மாமா. நான்தான் கேக்கல. மன்னிச்சிடு."

"சரி வுடு. நாளைக்கி மதகாண்ட தண்ணி காட்டலாமா, கூடாதா? அதச் சொல்லு."

"காட்டு மாமா" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வைகாசி பிறப்பதற்குள் பறவைகள் மறுபடி முட்டை வைத்தன. ஆசிக் வந்து எண்ணிவிட்டுக் கத்திய கத்தலில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். புதிதாகப் பதினேழு! தப்பிப் பிழைத்த ஐந்து கூட்டில் அதற்குள் குஞ்சே வந்துவிட்டது. குஞ்சு என்றால் என்ன, சேற்று உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. தாய் ஒரு குரல் கொடுத்தால் ஓடுகிற இடத்திலேயே பசை போட்டாற்போல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணை எடுத்தால் தொலைந்தது. மறுபடி கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. காலையில் வந்தவுடன் கரைமேல் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆசிக் தன் பழைய பைனாகுலரை அவர்களிடமே விட்டுவிட்டுப் போனான். அது கைக்குக் கை மாறும். "குடுடி, எவ்ளோ நேரம் பாப்ப?" என்று சண்டை வரும். மதகுக்கு நேராக இருந்த ஜோடி தன்னுடையது என்று அமுதம் சொல்லிக்கொண்டாள். அதன் குஞ்சு ஒன்று ஒருநாள் கண்ணில் படவில்லை என்றதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு அரை நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் அது ஒரு குளம்புத் தடத்திலிருந்து எழுந்து ஓடியபோது, "எங்கடி போய்த் தொலஞ்ச, நாசமாப் போனவளே!" என்று அங்கிருந்தே வைதாள். வைதவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

வைகாசி கடைசி வாரம் ஒரு சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. கோடை மழைதான், ஆனால் அடித்த அடி ஐப்பசியைத் தோற்கடித்தது. செல்வகுமாரி வீட்டு வாசலில் நின்று தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேற்கே வயல்வெளித் தண்ணீர் எல்லாம் அந்த ஏரிக்குள்தான் இறங்கும். இறங்கி நேராகக் கிழக்கே, மதகுப் பக்கம் ஓடும். அங்கே பதினேழு கூட்டின் குஞ்சுகள், பறக்கத் தெரியாதவை, தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் விட்ட பெருமூச்சைக் கேட்டு அவள் புருஷன், "இந்நேரத்துல நீ போயி இன்னா குடையா புடிக்கப் போற?" என்று அதட்டி உள்ளே கூப்பிட்டான்.

விடிந்தும் விடியாமல் ஓடினாள். கரைமேல் ஏற்கனவே ஆள் நின்றது. அமுதம். பின்னாலேயே புவனேஸ்வரி, அதற்குப் பின்னால் பாதி ஊர்.

மேற்கே அவர்கள் வெட்டிய குழிகள் அத்தனையும் தளும்பத் தளும்ப நிறைந்து நின்றன. ஏழு வாரமாகக் கை கிழிந்து, வாய்க்கு வந்தபடி திட்டி, கல்லில் வெட்டிய குழிகள். வரிசையாக, ஏரியின் அகலத்துக்கு. வந்த வெள்ளத்தை எல்லாம் அவை குடித்துவிட்டன. கிழக்கே தரை நனைந்து கறுத்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஈரத் தரையில் சேற்று உருண்டைகள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"என் குழி ரொம்பிப் போச்சி பாருடி!" என்று ஒருத்தி கூவினாள். "என்னுது உன்னுத விட ஆழம்" என்றாள் இன்னொருத்தி. அமுதம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு குழியைப் பார்த்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து, வைகாசி முடிந்த அன்று, ஓவர்சியர் அரிகரன் வந்து இறங்கினார். முதலில் வந்த ஐந்து கூட்டின் குஞ்சுகள் அப்போது பறக்க ஆரம்பித்திருந்தன. மற்றவை இன்னும் தரையில்தான்.

"சொன்ன தேதி வந்துடுச்சிம்மா. நாளையிலேர்ந்து ஆளைக் கிழக்கே எறக்கு."

செல்வகுமாரி வாயைத் திறந்தாள். எத்தனை முறை கேட்பது, யார் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று அவளுக்கு நாக்கு எழவில்லை. பின்னால் கடப்பாரை தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"நாங்க இன்னும் பதினஞ்சி நாளு மேற்கயே வெட்டறோம் சார்" என்றாள் அமுதம்.

அரிகரன் கண்ணாடியைக் கழற்றினார். "மேற்கே கல்லா இருக்குது, மேட் பொம்பளைய மாத்துன்னு மொட்டைக் கடுதாசி வந்துதே எனக்கு? உங்க ஆளுங்கதானே எழுதுனது?"

"எவளோ இல்ல சார், எழுதுனது நாந்தான். அதக் கிழிச்சிப் போட்டுடுங்க."

அவர் செல்வகுமாரியைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"அவள ஏன் பாக்கறீங்க, என்னப் பாருங்க" என்றாள் அமுதம். மற்ற முப்பத்தேழு பேரும் மண்வெட்டியோடு அவள் பின்னால் வந்து நின்றார்கள். "கடைசிக் குஞ்சு எழும்பற வரைக்கும் எங்க மேட்டு எங்க வெட்டச் சொல்றாளோ அங்கதான் வெட்டுவோம். எழுதிக்கினு போங்க."

அரிகரன் மேற்கே நிறைந்து நின்ற குழிகளைப் பார்த்தார். எதை யோசித்தாரோ, "பதினஞ்சு நாள்தான், அதுக்கு மேல கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறினார்.

செல்வகுமாரிக்கு அடக்க முடியவில்லை. ஏரி நடுவில், எல்லார் முன்னாலும், வாய்விட்டு அழுதாள். இருபத்தொன்று போனதற்கும் சேர்த்து அழுதாள். அமுதம் பக்கத்தில் வந்து, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"அழுது முடிச்சிட்டுப் போட்டோ எடுடி. வெயிலு ஏறுது, அந்தக் களிமண்ணு இன்னும் காய்ஞ்சிடும்."